நோய் வருவதற்கு முன் எடுத்த ரத்தம்

"நல்லா இருக்கிற விலங்கை எதுக்கு டாக்டர் பிடிச்சு ஊசி குத்துறீங்க?"

வனவிலங்கு மருத்துவத்தில் இருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. பிடிபடுவது எந்த விலங்குக்கும் சுகமான அனுபவம் இல்லை. ஆனாலும் பிடிக்கிறோம். நோயுற்ற விலங்கின் பரிசோதனை முடிவு கைக்கு வரும்போது, அந்த எண் கூடுதலா குறைவா என்று சொல்ல நோயில்லாத விலங்கின் எண் வேண்டும்.

நம் லேப் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் ஒரு வரம்பு அச்சாகியிருக்கும். ஆரோக்கியமான பலரின் ரத்தத்தைப் பரிசோதித்து, நடுவில் வரும் 95 சதவீதத்தினரின் அளவுகளை எடுத்துப் போட்ட வரம்பு அது. அதனால் எந்தக் கோளாறும் இல்லாத இருபது பேரில் ஒருவருக்கு எண் வரம்புக்கு வெளியேதான் விழும். ரிப்போர்ட்டில் ஒரு எண் தடித்த எழுத்தில் வந்ததுமே தூக்கத்தைத் தொலைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். காட்டு விலங்குகளில் பலவற்றுக்கு இந்த வரம்பே கிடையாது. பூங்காவில் வளர்ந்தவற்றின் எண்களை வைத்துச் சமாளிக்கிறோம். அவற்றின் தீனி வேறு, நடமாட்டம் வேறு, உடம்பில் இருக்கும் ஒட்டுண்ணிகளும் வேறு.

வரம்பு கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மெக்சிகோ வளைகுடா ஒரு நல்ல பாடம். 2010 ஏப்ரலில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கிணற்று மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். எண்ணெய் 87 நாள் கடலில் கொட்டியது. மறு ஆண்டு, எண்ணெய் படிந்த லூசியானாவின் பரட்டாரியா விரிகுடாவில் 32 டால்பின்களைப் பிடித்து, சோதித்துவிட்டுத் திரும்ப விடுவித்தார்கள். ஆழமில்லாத நீரில் வலையைச் சுற்றிப் போட்டு, ஆட்கள் இறங்கித் தாங்கிக்கொள்ள, வால் துடுப்பின் ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுப்பார்கள். படகில் ஏற்றி எடை பார்த்து, நுரையீரலை ஸ்கேன் செய்வார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, எண்ணெய் எட்டாத புளோரிடாவின் சாரசோட்டா விரிகுடா டால்பின்கள் இருந்தன. அங்கே 1970 முதல் ஆய்வு நடக்கிறது. எது தாய், எது குட்டி, எதற்கு என்ன வயது என்பது வரை பதிவு உண்டு.

பரட்டாரியா டால்பின்களுக்கு மிதமான அல்லது கடுமையான நுரையீரல் நோய் இருக்கும் வாய்ப்பு சாரசோட்டாவைவிட 5 மடங்கு. ஏறத்தாழ பாதி விலங்குகளின் நிலை கவலைக்கிடம். 17 சதவீதம் பிழைக்காது என்று மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். ஸ்கேனில் சினையாகத் தெரிந்த 10 டால்பின்களைப் பின்தொடர்ந்ததில், உயிருள்ள குட்டி ஈன்று வளர்த்தவை 2 மட்டுமே. வேறொரு ஆரோக்கியமான கூட்டத்தில் இது 83 சதவீதம்.

ஆனால் என்னைப் போன்றவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது கார்டிசால் அளவு. இது அட்ரினல் சுரப்பி விடும் ஹார்மோன். பயம், வலி, நெருக்கடி எது வந்தாலும் ஏறும். வலையில் மாட்டிய டால்பினுக்கு அது கட்டாயம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. மனிதர்களில் அட்ரினல் வேலை செய்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் அதைத் தூண்டும் ஊசி போட்டுவிட்டுக் கார்டிசாலை அளப்பார்கள். இங்கே பிடித்ததே அந்த ஊசியின் வேலையைச் செய்துவிட்டது. பின்னாளில் அப்பகுதியில் இறந்து ஒதுங்கிய டால்பின்களை அறுத்துப் பார்த்தபோது, பலவற்றில் அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதி மெலிந்து கிடந்தது.

சரி, மனிதர்கள்? எண்ணெயைச் சுத்தம் செய்யப் போன தொழிலாளர்களை அமெரிக்காவின் தேசிய சுற்றுச்சூழல் நலவியல் நிறுவனம் 2011 முதல் ஆராய்ந்தது. சுமார் 33,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 11,000 பேரின் வீட்டுக்கே போய் ரத்தம், சிறுநீர் எடுத்து, ஊதச் சொல்லி நுரையீரல் திறனையும் அளந்தார்கள். சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? வேலைக்குப் போவதற்கு முன் இவர்களின் நுரையீரல் எப்படி இருந்தது என்று யாரும் அளந்து வைத்திருக்கவில்லை. பாதுகாப்புப் பயிற்சி முடித்தும் வேலைக்கு எடுக்கப்படாதவர்களோடு ஒப்பிட வேண்டியதாயிற்று. அப்படி ஒப்பிட்டதில், எண்ணெய் கொட்டியதற்குப் பிந்தைய ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் ஆஸ்துமாவோ அதன் அறிகுறிகளோ வரும் வாய்ப்பு வேலை செய்தவர்களிடம் 60 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதே எண்ணெய், டால்பினிலும் மனிதரிலும் அதே நுரையீரல். இரண்டு குழுக்களின் அறிக்கையையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க வேண்டும் என்று நாங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான்.

எடுக்கும் விதமும் எண்ணை மாற்றும். ஓட ஓட விரட்டிப் பிடித்த மானின் மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டும். மயக்க ஊசி போட்ட மானில் அதே மண்ணீரல் தளர்ந்து அணுக்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் மானின் ரத்தம் கெட்டி, இரண்டாவது மானுக்கு ரத்தசோகை என்று எழுதினால் இரண்டுமே தப்பு. விரட்டலில் தசை நைந்து, சில நாள் கழித்து விலங்கு இறந்துபோவதும் உண்டு. ஆகவே குறிப்பேட்டில் எத்தனை நிமிடம் விரட்டினோம், எந்த மருந்து, ஊசி போட்டு எத்தனையாவது நிமிடத்தில் ரத்தம் என்பதெல்லாம் இல்லாத மாதிரியை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. (டாக்டரைப் பார்த்ததும் ரத்த அழுத்தம் ஏறும் மனிதர்களும் இந்தக் கணக்கில்தான் சேர்த்தி.)

பிடிக்காமலே முடிகிற வேலைகள் இப்போது நிறைய. சாணத்திலிருந்து நெருக்கடி ஹார்மோனின் எச்சங்களையும் ஒட்டுண்ணிகளையும் பார்க்கலாம். திமிங்கிலம் விடும் மூச்சுச் சாரலை டிரோனில் பிடிக்கலாம். உகாண்டாவின் பிவிண்டி காட்டில் மலைக் கொரில்லாக்களுக்குப் பெரும்பாலும் சாணப் பரிசோதனைதான். 1996இல் அங்கே ஒரு கொரில்லாக் கூட்டத்தில் சொறி பரவி ஒரு குட்டி இறந்தது. சுற்றியுள்ள கிராமத்து மக்களிடமிருந்து வந்திருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார் கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிக்குசோக்கா. மருத்துவ வசதி எட்டாத மக்களின் தோலைக் கவனிக்காமல் கொரில்லாவின் தோலைக் காப்பாற்ற முடியாது என்று, மக்கள் நலத்தையும் விலங்கு நலத்தையும் சேர்த்துப் பார்க்கும் அமைப்பை 2003இல் தொடங்கினார். இதைவிடச் சிக்கனமான வனப் பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

வாசிப்பவர்களிடம் கேட்பது சில. உடம்பு நன்றாக இருக்கும்போது எடுத்த ரிப்போர்ட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். வரம்புக்குள்ளேயே இருந்தாலும், உங்கள் பழைய எண்ணிலிருந்து புது எண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது மருத்துவருக்கு நிறையச் சொல்லும். சளி, காய்ச்சல் இருந்தால் குரங்கினங்களைப் பார்க்கப் போகாதீர்கள். நமக்குச் சாதாரணச் சளி, அவற்றுக்கு உயிர்ப் பிரச்சினை. கரையில் டால்பின் கிடந்தால் கடலுக்குள் தள்ளிவிடாதீர்கள். தலைமேல் இருக்கும் மூச்சுத் துளையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லிவிட்டுக் கூட்டத்தை விலக்குங்கள்.

அப்புறம், இறந்த விலங்கென்றால் வெறும் கையால் தொடாமல் படம் எடுத்து, பார்த்த நேரத்தையும் இடத்தையும் உடனே சொல்லுங்கள். நாற்றம் வருகிறதென்று அவசரமாகப் புதைத்துவிட வேண்டாம். உள்ளுறுப்புகள் சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கும். அட்ரினல் மெலிந்திருந்தது என்பதெல்லாம் இறந்து அதிக நேரம் ஆகாத உடலில் மட்டுமே தெரியும். பறவை மாதிரிச் சின்ன உடல் என்றால் வனத்துறை ஆட்கள் குளிரில் வைத்து அனுப்பச் சொல்வார்கள். குளிர்ந்தால் போதும், உறைய வைக்கக் கூடாது. உறைந்த திசு கரையும்போது செல்கள் வெடித்துவிடும். நுண்ணோக்கியில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.