கவர்மெண்ட் கேரண்டி என்றால் கவர்மெண்ட் கட்டும் என்று அர்த்தமில்லை

போன செவ்வாய்க்கிழமை இன்னொருவர் வந்தார். வியாசர்பாடியில் இரண்டு லேத், ஒரு ட்ரில்லிங் மெஷின், மூன்று ஆட்கள் வைத்துத் தொழில் செய்கிறவர். இருபது வருஷமாக நான்தான் அவருக்கு ஆடிட்டர். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜையில் வைத்தார். வங்கி நோட்டீஸ், சர்ஃபாசி சட்டம் பிரிவு 13(2). அறுபது நாளில் பணம் கட்டாவிட்டால் அடமானச் சொத்தில் கை வைப்போம் என்கிற நோட்டீஸ். கையெழுத்துப் போட்டு வாங்கிய தேதியைக் கேட்டேன். நாற்பத்தோரு நாள் ஓடிப்போயிருந்தது.

"இத்தனை நாள் என்னண்ணே பண்ணிட்டிருந்தீங்க?"

"அது கொரோனா லோன் சார். கவர்மெண்டே கேரண்டி குடுத்துக்குது, பேங்குக்கு அவங்களே கட்டிடுவாங்கன்னு சொன்னாங்க."

இந்த ஒரு வாக்கியத்தைப் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிற என் ஆபீஸில் உட்கார்ந்து எத்தனை பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன்! எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர் சொன்னார். சாத்தாங்காடு இரும்பு வியாபாரி சொன்னார். தண்டையார்பேட்டை பிரிண்டிங் பிரஸ்காரர் சொன்னார். இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இவர் கணக்கைப் பாருங்கள். 2020 பிப்ரவரி 29 அன்று இவருடைய சிசி கணக்கில், அதாவது தொழில் நடத்த வங்கி தரும் கேஷ் கிரெடிட் கடன் கணக்கில், 12 லட்சம் பாக்கி. அதில் 20 சதவீதம், அதாவது 2,40,000 ரூபாய், ஈசிஎல்ஜிஎஸ் எனும் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில் அந்த ஆகஸ்டில் கிடைத்தது. இரண்டாம் அலைக்குப் பிறகு தவணைக் காலத்தை ஐந்து வருஷமாக நீட்டிக்கொண்டார். முதல் இரண்டு வருஷம் வட்டி மட்டும்தான். வங்கிகளுக்கு உச்சவரம்பான 9.25 சதவீதத்தில் வைத்தாலும் மாதம் 1,850 ரூபாய். அசலும் சேர்ந்தபோது தவணை 7,660 ஆனது. 22 தவணையை ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். 2024 நடுவில் ஆர்டர் குறைந்தது, யாரோ 'கேரண்டி' கதை சொன்னார்கள், நிறுத்திவிட்டார். மிச்சம் ஒரு லட்சத்துச் சொச்சம்தான்.

அந்த ஒரு லட்சத்துக்காக 12 லட்சம் சிசி கணக்கும் முடங்கிவிட்டது. வராக்கடன் என்பது கணக்கு வாரியாகப் பார்ப்பதல்ல, ஆள் வாரியாகப் பார்ப்பது. ஒரே வங்கியில் உங்களுக்கு இருக்கிற ஒரு கணக்கு 90 நாள் தவறினால் மற்றதும் சேர்ந்து படுத்துவிடும். இந்த அவசரக் கடனுக்குத் தனியாக அடமானம் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே அடமானத்தில் இருந்த சொத்தின் மீதே இதற்கும் இரண்டாம் பொறுப்பு, அதாவது முதல் கடனுக்கு அடுத்த உரிமை, ஏற்றியிருக்கிறார்கள். இவருக்கு அது குடியிருக்கிற வீடு.

இப்போது அந்த 'கேரண்டி'. தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள். கேரண்டி உங்களுக்குக் கொடுத்தது இல்லை, வங்கிக்குக் கொடுத்தது. நீங்கள் கட்டாமல் போனால் வங்கி நஷ்டப்படக்கூடாது என்பதற்காக மத்திய அரசு தன் உத்தரவாத நிறுவனம் வழியாக வங்கிக்குச் சொன்ன உறுதி அது. வங்கி அதைக் கேட்டு வாங்கினாலும் உங்கள் கடன் தீராது. உங்களிடம் வசூல் செய்யும் கடமை வங்கிக்கு அப்படியே இருக்கிறது. வசூலானதை உத்தரவாதம் கொடுத்தவருக்குத் திருப்ப வேண்டும்.

இன்னும் புரியவில்லையா? உங்கள் மச்சான் சீட்டு எடுக்கிறார், நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறீர்கள். அவர் கட்டவில்லை, நீங்கள் கட்டினீர்கள். அதோடு மச்சானை விட்டுவிடுவீர்களா? வீட்டு வாசலில் போய் நிற்கமாட்டீர்களா? 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமே ஜாமீன் கட்டியவர் கடன் கொடுத்தவரின் இடத்துக்கு வந்துவிடுகிறார் என்கிறது. கவர்மெண்ட் ஜாமீன் போட்டாலும் நியாயம் அதேதான். கேரண்டி வேறு, மானியம் வேறு, தள்ளுபடி வேறு. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் 'உதவி' என்று சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு வினை.

அமெரிக்காவில் தள்ளுபடி செய்தார்களே என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே 2020-ல் சிறு தொழில்களுக்குக் கொடுத்த சம்பளப் பாதுகாப்புக் கடன், பணத்தைச் சம்பளத்துக்குச் செலவழித்ததைக் காட்டினால் தள்ளுபடி ஆகும் என்று சட்டத்திலேயே எழுதிக் கொடுத்தது. இங்கே அப்படி ஒரு வரி எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஆனால் இந்தக் குழப்பத்துக்கு லேத்காரரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2020 மே 12 ராத்திரி எல்லோரும் டிவி முன்னால்தான் இருந்தோம். கொரோனா நிவாரணத்துக்கு 20 லட்சம் கோடி என்று பிரதமர் சொல்லக் கேட்டோம். அடுத்த ஐந்து நாள் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பகுதி பகுதியாக அறிவித்தார். கடைசி நாள் கூட்டுத்தொகை 20,97,053 கோடி. அதில் 8,01,603 கோடி ரிசர்வ் வங்கி ஏற்கெனவே எடுத்திருந்த பணப்புழக்க நடவடிக்கைகள். அதாவது வங்கிகள் கடன் கொடுக்க வசதியாக மதகைத் திறந்துவிட்டது. அது கஜானாவிலிருந்து போன செலவு இல்லை. இந்த ஈசிஎல்ஜிஎஸ் 3 லட்சம் கோடி. அதுவும் வங்கிப் பணம்தான், அரசுக்கு அன்றைக்குச் செலவில்லை. கடன் வராமல் போனால் பிறகு வரும் பொறுப்பு. கஜானாவிலிருந்து உண்மையில் புதிதாகப் போகும் தொகை 1,86,650 கோடி, ஜிடிபியில் 0.91 சதவீதம் என்று ப. சிதம்பரம் கணக்குச் சொன்னார். அறிவித்ததோ ஜிடிபியில் 10 சதவீதம்.

அரசு தரப்பிலும் நியாயம் உண்டு. கடை மூடிக்கிடக்கும்போது கையில் காசு கொடுத்தால் தொழில் ஓடாது, கடன் கிடைத்தால் பட்டறை திறக்கும் என்றார்கள். அந்தக் கடன் இல்லாவிட்டால் என் வாடிக்கையாளர்களில் நாலைந்து பேர் ஷட்டரை நிரந்தரமாக இறக்கியிருப்பார்கள். அதை நான் மறுக்கமாட்டேன். எந்த வழி சரி என்பதில் பொருளாதாரம் படித்தவர்கள் சண்டை போடட்டும். என் ஆத்திரம் வேறு. செலவு, கடன், கேரண்டி, பழைய பட்ஜெட்டிலேயே இருந்தது, இந்த நான்கையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகச் சொன்னார்களே, அதில்தான் ஆத்திரம். என் மேஜைக்கு ஒருவர் இப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்து வருமானம் என்று காட்டினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

அதே காலத்தில்தான் ரேஷன் கடையில் அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். 2021-ல் இரண்டு தவணையாக 4,000 கொடுத்தார்கள். அது நிவாரணம், திருப்ப வேண்டாம். காசிமேட்டில் மீன் விற்கிற ஓர் அக்காவுக்கு, தெருவோர வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் 10,000 வந்தது. அது கடன், பன்னிரண்டு மாதத்தில் கட்ட வேண்டும். இரண்டும் கொரோனா காலத்தில் வந்தவை, இரண்டும் கவர்மெண்ட் பெயரில் வந்தவை. அவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? யார் உட்கார்ந்து சொன்னார்கள்? ஒழுங்காகக் கட்டியிருந்தால் அடுத்து 20,000, அதற்கடுத்து 50,000 கிடைத்திருக்கும். மறுபடியும் கந்துவட்டிக்குப் போயிருக்கவேண்டாம்.

வெளிப்படையாகச் செய்ய முடியாத காரியமா இது? 2009-ல் பொருளாதாரம் சரிந்தபோது அமெரிக்கா 78,700 கோடி டாலருக்கு ஊக்கச் சட்டம் போட்டது. பணம் வாங்கியவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும், எல்லாம் ஒரே இணையதளத்தில் ஏறும். இல்லாத தொகுதிகளின் பெயரில் வேலைவாய்ப்புக் காட்டியிருப்பதைப் பத்திரிகைக்காரர்கள் அந்தத் தளத்தை வைத்தே கண்டுபிடித்தார்கள். பெரிய அவமானம் ஆனது. ஆனால் தப்பு வெளியே தெரிந்ததே பட்டியல் வெளியே இருந்ததால்தான்! இங்கே 2020 மார்ச்சில் தொடங்கிய பிஎம் கேர்ஸ் நிதியைப் பற்றித் தகவல் கேட்டால், அது ஆர்டிஐ எனும் தகவல் உரிமைச் சட்டப்படி பொது அதிகார அமைப்பே இல்லை என்று பதில் வந்தது. தனியார் ஆடிட்டர் தணிக்கை செய்கிறாரே என்கிறார்கள். ஓர் ஆடிட்டராகவே சொல்கிறேன், என் கையெழுத்து கணக்கு சரியாகக் கூட்டியிருக்கிறது என்றுதான் சொல்லும். யாருக்கு, எதற்கு, எந்த முடிவின் பேரில் கொடுத்தார்கள் என்று சொல்லாது.

டெல்லிக் கணக்கு தூரம் என்றால் நம் தெருவுக்கே வாருங்கள். வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 2023 மாநில பட்ஜெட்டில் மூன்று வருஷத்துக்கு 1,000 கோடி என்றார்கள். 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடக்க விழா நடந்தபோது எண் 4,181 கோடி. நல்லதுதான், நமக்கு வரவேண்டியதுதான், எத்தனை வருஷம் காத்திருந்தோம்! ஆனால் டீக்கடையில் "நாலாயிரம் கோடி வந்துச்சே, எங்க போச்சு?" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. அறிவிப்பு ஒரு படி. அரசாணை அடுத்த படி. ஒதுக்கீடு, நிதி விடுவிப்பு, டெண்டர், வேலை உத்தரவு, பில் என்று எத்தனையோ படி இருக்கிறது. பணம் எந்தப் படியில் நிற்கிறது என்று கேளுங்கள். பட்ஜெட் புத்தகத்திலேயே மூன்று கட்டம் இருக்கும்: மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, கணக்கு. மேடையில் பேசுவது முதல் கட்டத்தை. நீங்கள் பார்க்க வேண்டியது கடைசிக் கட்டத்தை. அது இரண்டு வருஷம் கழித்துத்தான் வரும், வரும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கேட்கிற விதமும் முக்கியம். ஆர்டிஐ மனுவில் "ஏன் செய்யவில்லை?" என்று எழுதி அனுப்பிவிட்டு, பதில் வரவில்லை என்று என்னிடம் வராதீர்கள். அந்தச் சட்டம் காரணம் சொல்லாது, காகிதம் கொடுக்கும். ஆகவே காகிதத்தைக் கேளுங்கள். உங்கள் தெரு மழைநீர் வடிகாலா? நிர்வாக ஒப்புதல் உத்தரவு நகல், வேலை உத்தரவு நகல், எம்.புக் நகல். எம்.புக் என்பது அளவுப் புத்தகம். எத்தனை மீட்டர் நீளம், எத்தனை ஆழம், எவ்வளவு கான்கிரீட் என்று இன்ஜினியர் கைப்பட எழுதுவது. அதை வைத்துத்தான் கான்ட்ராக்டருக்குப் பணம் போகிறது. நேரில் போய் வேலையையே பார்வையிடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள். பதில் இல்லையா, அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தப்பான ஆபீஸுக்கு அனுப்பிவிட்டால் ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்பவேண்டியது அவர்கள் பொறுப்பு.

கடன் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இது. உத்தரவுக் கடிதம் இல்லாமல் எந்த அரசுத் திட்டப் பணத்தையும் தொடாதீர்கள். அதில் 'மானியம்' என்கிற வார்த்தை இருக்கிறதா, 'தவணை' இருக்கிறதா என்று பாருங்கள். தவணை இருந்தால் அது கடன், யார் படம் போட்டு வந்தாலும் கடன்தான். 2024 அக்டோபர் 1 முதல் புதிதாகக் கொடுக்கும் சிறு தொழில் தவணைக் கடன்களுக்கு 'முக்கிய விவர அறிக்கை' என்று ஒன்று தரவேண்டும், அதுவும் உங்களுக்குப் புரிகிற மொழியில் தந்து விளக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. தமிழில் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். தவணை கட்ட முடியவில்லை என்றால் 90 நாள் ஆவதற்கு முன்னால் போய்ப் பேசுங்கள். வாட்ஸாப்பில் வந்ததைக் காட்டி என்னிடம் வாதாடாதீர்கள். நோட்டீஸ் வந்தால் அன்றைக்கே கொண்டுவாருங்கள். சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தால் தேதி நிற்காது, அண்ணே.

லேத்காரருக்கு மிச்சம் இருந்தது பத்தொன்பது நாள். அதே சர்ஃபாசி சட்டம் பிரிவு 13(3ஏ)-ன்படி ஆட்சேபக் கடிதம் எழுதினோம், வங்கி பதினைந்து நாளில் காரணத்தோடு பதில் தரவேண்டும். நிலுவைத் தவணையைக் கட்டி கணக்கைச் சீராக்கக் கால அட்டவணையும் வைத்தோம். அதற்காக 2020-ஆம் வருஷத்து உத்தரவுக் கடிதத்தை எடுத்துவரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தார். பதினாறு பக்கம், முழுக்க இங்கிலீஷ். ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் அவர் தமிழில் போட்ட கையெழுத்து. ஏழாவது பக்கத்தில் கேரண்டி பற்றிய வரியை விரல் வைத்துத் தமிழில் படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இத அன்னிக்கே ஒருத்தர் சொல்லியிருந்தா, சார்" என்றார். பிறகு பக்கத்துப் பட்டறைக்காரருக்குப் போன் போட்டார். அவருக்கும் அதே திட்டத்தில் கடன் இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் காகிதங்களோடு வரச் சொல்லியிருக்கிறேன்.