மேகம் இறங்கிய திரை

கோத்தகிரியில் அப்பா வீட்டு ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவும் நடுநடுவே சில்வர் ஓக் மரங்களும் தெரியும். போன மாதம் ஒரு மத்தியானம் மேகம் இறங்கியது. கறுத்து நின்ற மரங்கள் சாம்பலாகி, அப்புறம் காணாமலே போயின.

உள்ளே டிவியில் ஒரு ராத்திரிக் காட்சி. "படம் இருட்டா இருக்கு கண்ணு" என்று அப்பா ரிமோட்டை எடுத்து பிரைட்னஸை 50-லிருந்து 70-க்கு ஏற்றினார். நாயகனின் கறுப்புக் கோட்டும் சாம்பலாகிவிட்டது.

இரண்டும் ஒரே சங்கதிதான். மேகத்தின் நீர்த்துளிகள் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. மரத்துக்கும் நம் கண்ணுக்கும் இடையில் அந்த வெளிச்சம் வந்து கலப்பதால் கறுப்பு வெளிறிப்போகிறது. பிரைட்னஸை ஏற்றினாலும் அதேதான். பேர் அப்படி இருந்தாலும், பல டிவிகளில் அது கறுப்பு எந்த அளவில் தொடங்க வேண்டும் என்பதை மாற்றும் அமைப்பு. வழக்கமான 8 பிட் வீடியோவில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் ஒரு எண்தான்: கறுப்புக்கு 16, வெள்ளைக்கு 235. பிரைட்னஸை ஏற்றினால் 16 கூட சாம்பலாகத் தெரியும். ரொம்ப இறக்கினால் 17, 18, 20 எல்லாம் கறுப்பில் முங்கி, தலைமுடி ஒரே மைத்திட்டாகிவிடும்.

பகல் வெளிச்சத்தில் படம் மங்கலாக இருந்தால் எல்இடி டிவியில் ஏற்ற வேண்டியது பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை. சில டிவிகளில் இதற்கே பிரைட்னஸ் என்று பேர். கறுப்பை மாற்றும் அமைப்பு பிளாக் லெவல் என்று தனியாக இருக்கும். மெனுவை நிதானமாகப் பாருங்கள்.

பிரைட்னஸ் வைக்க ஒரு கறுப்பு உடைக் காட்சியை நிறுத்திக்கொள்ளுங்கள். துணியின் மடிப்பு மறையும்வரை இறக்கி, மறுபடி லேசாகத் தெரியும்வரை ஏற்றினால் போதும். வெள்ளையின் அளவை மாற்றும் காண்ட்ராஸ்ட்டுக்கு வெள்ளைச் சட்டை: தையலும் பொத்தானும் தெரிய வேண்டும்.

கடையில் ஜொலிப்பதற்காக வைத்த விவிட் மோடில் வெள்ளை நீலம் பாரித்திருக்கும். படம் எடுப்பவர்கள் அடிப்படையாகக் கொள்ளும் வெள்ளை சுமார் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறச்சாயலை அளக்கும் அலகு). மேகம் மூடிய மத்தியான வெளிச்சத்துக்குக் கிட்டத்தட்ட சமம். சினிமா மோட் இதற்குப் பக்கத்தில் வரும். முதலில் மஞ்சளாகத் தோன்றும், இரண்டு நாளில் கண் பழகிவிடும். ஷார்ப்னஸ் புதிதாக எந்த விவரத்தையும் தராது. விளிம்பில் வெள்ளைக்கோடு விழுந்தால் இறக்கிவிடுங்கள்.

அப்பா டிவியில் பிரைட்னஸை 50-க்கே கொண்டுவந்து பேக்லைட்டை ஏற்றினேன். கோட்டின் காலர் மடிப்பு தனியாகப் பிரிந்து தெரிந்தது. "இப்ப சரி" என்றார். ராத்திரி விளக்கை அணைத்ததும் அந்த பேக்லைட்டில் கண் கூசியது. பாதியாகக் குறைத்துக் கொடுத்தேன்.