ஸ்வீடிஷ் மருத்துவமனையில் ‘ஆமாம்’ சொல்வதற்கு முன்

“உங்களுக்குப் பெனிசிலின் ஒவ்வாமை எதுவும் இல்லையே?” என்று நர்ஸ் ஸ்வீடிஷில் கேட்டிருக்கிறார். வந்தவருக்குக் கொஞ்சம் ஸ்வீடிஷ் தெரியும், அதனால் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். “யா” என்று பதில் சொன்னார். நம் ஆள் மனதில் நினைத்தது, “ஆமாம், நீங்கள் சொல்வது சரி, அப்படி எதுவும் இல்லை” என்பது. கணினியில் ஏறியதோ “ஒவ்வாமை உண்டு”. அடுத்த தடவை தொண்டை வலிக்குப் போனபோது வேறு ஏதோ மருந்தை எழுதித் தர, ஏன் என்று இவர் கேட்க, கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள்.

பல வருடங்களாக இங்கே மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் தமிழுக்கும் ஸ்வீடிஷுக்கும் நடுவில் உட்கார்ந்து பேசுவதுதான் என் பிழைப்பு, மாலையில் புதிதாக வந்தவர்களுக்கு மொழி சொல்லிக்கொடுப்பதும் உண்டு. இந்த ‘யா’ தகராறு அளவுக்கு அடிக்கடி பார்த்தது வேறு எதுவும் இல்லை.

காரணம் எளிது. “சாப்பிடலையா?” என்றால் நாம் “ஆமா, சாப்பிடல” என்போம். கேட்டவர் சொன்னது சரியா தப்பா என்பதற்குத்தான் நம் ஆமாமும் இல்லையும். ஸ்வீடிஷில் அப்படி இல்லை, சாப்பிடவில்லை என்றால் கேள்வி எப்படி வந்தாலும் பதில் “நேய்”. சாப்பிட்டாயிற்று என்றால், எதிர்மறையாகக் கேட்ட கேள்விக்கு ‘யா’ கூட வராது, அதற்கென்றே தனியாக “யூ” என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், நார்வே, டென்மார்க்காரர்களும் அப்படித்தான். இதையெல்லாம் யோசித்துச் சொல்ல டாக்டர் முன்னால் நேரம் கிடைக்காது. அதனால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதீர்கள், “எனக்கு ஒவ்வாமை இல்லை” என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.

தமிழ் காலை வாரும் இன்னொரு இடம் ‘வேண்டாம்’. இதில் மாட்டியது நானேதான், தொழிலுக்கு வந்த புதிதில். ஸ்வீடிஷில் “ஃபோர் இந்தெ” என்றால் கூடாது, “பெஹேவெர் இந்தெ” என்றால் தேவையில்லை. ரத்தப் பரிசோதனைக்கு முன் சாப்பிடக் கூடாது என்று நர்ஸ் சொன்னதை நான் “காலையில் சாப்பிட வேண்டாம்” என்று மொழிபெயர்த்தேன். மரியாதையாக இருக்கட்டுமே என்று. அந்த அம்மா அதை “சிரமப்பட்டுச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டியதில்லை” என்று எடுத்துக்கொண்டு, பசித்ததால் இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து என் வாயில் கூடாது, தேவையில்லை இரண்டுதான், வேண்டாம் கிடையாது. (ஃபோர் என்றால் செம்மறி ஆடும்தான். “ஃபோர் ஃபோர் ஃபோர்?” என்றால் ‘ஆடு ஆட்டை ஈனுமா?’ என்று அர்த்தம், இல்லை, குட்டியைத்தான் ஈனும் என்பது பதில். இங்கே குழந்தைகளுக்குப் பிடித்த விளையாட்டு.)

இந்த இரண்டையும் விட்டால், நான் பார்த்த வரையில் ஆளைக் கவிழ்ப்பது தமிழ் இல்லை, ஆங்கிலம். ஸ்வீடிஷ் சொல்லைக் கேட்டதும் நம்மவர்கள் மனதுக்குள் முதலில் ஆங்கிலத்துக்குத்தான் ஓடுகிறார்கள்.

“ஹால்வ் த்ரே”க்கு வாருங்கள் என்று கடிதம் வரும். த்ரே என்றால் மூன்று, ஹால்வ் என்றால் பாதி. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ஹாஃப் த்ரீ’ என்று கேட்டுப் பழகியவர் மூன்றரைக்குப் போய் நிற்பார். உண்மையில் அது இரண்டரை, மூன்றாவது மணியில் பாதி என்று கணக்கு. போகாத அப்பாயின்ட்மென்ட்டுக்கும் கட்டணச் சீட்டு வீடு தேடி வரும் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

உறவுமுறை இன்னும் மோசம். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்று டாக்டர் கேட்கிறார், ‘ஆன்ட்டி’ என்று சொல்ல நினைத்து ஒரு பெண் “தாந்த்” என்றார். நார்வேயிலும் டென்மார்க்கிலும் ‘தாந்தெ’ ஆன்ட்டிதான், ஸ்வீடனில் தாந்த் என்பது பொதுவாக ஏதோ ஒரு வயதான பெண்மணி. பக்கத்து வீட்டுப் பாட்டியின் நோயை எதற்குச் சொல்கிறாள் என்று டாக்டர் முழிக்கிறார்! தமிழிலேயே யோசித்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அப்பாவின் சகோதரி ‘ஃபாஸ்தெர்’, அம்மாவின் சகோதரி ‘முஸ்தெர்’, தாய்மாமன் ‘முர்ப்ரூர்’, அப்பாவின் சகோதரர் ‘ஃபார்ப்ரூர்’, அம்மாவின் அம்மா ‘முர்முர்’. பெரியப்பா சித்தப்பா வித்தியாசம் மட்டும் அவர்களிடம் இல்லை. ஆனால் சித்தி என்று சொல்லும்போது அது அம்மாவின் தங்கையா சித்தப்பாவின் மனைவியா என்று நான் கேட்டே தீருவேன், ஒருவர் ரத்த உறவு, இன்னொருவர் இல்லை.

அப்புறம் ‘சின்’, ‘ஹான்ஸ்’. வகுப்பில் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பாடம் இது, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஹிஸ்’தான். ஆனால் ‘சின்’ நம்முடைய ‘தன்’! ‘அவன் தன் போனை எடுத்தான்’ என்றால் சின், ‘அவனுடைய போனை’ என்று வேறொருவனுடையதைச் சொன்னால் ஹான்ஸ். ஒரு மாணவர் வாடகை வீட்டுச் சண்டை ஒன்றைப் பற்றி எழுதிய புகாரில் அறைத்தோழன் போனை எடுத்து யாரையோ அழைத்தான் என்பதற்கு ‘ஹான்ஸ்’ போட்டிருந்தார். அப்படியே அனுப்பியிருந்தால் அந்தப் பையன் போன் திருடன். ஒன்று, ‘அவனும் தன் மனைவியும் வந்தார்கள்’ என்று எழுவாயில் தன் போடுகிறோமே, அங்கே சின் வராது, ஹான்ஸ்தான். ‘அவர்கள் தங்கள் காரை எடுத்தார்கள்’ என்று எழுவாய் பன்மையானாலும் ஸ்வீடிஷ் ‘சின்’னை விடாது, டேனிஷ் மட்டும் அங்கே வேறு சொல்லுக்குத் தாவிவிடும்.

டேனிஷ் என்றதும் ஞாபகம் வருகிறது. மால்மோவில் குடியிருந்து பாலம் தாண்டி கோபன்ஹேகனுக்கு வேலைக்குப் போகிறவர்கள், இரண்டும் ஒரே மொழி மாதிரிதானே என்று நம்பிவிட வேண்டாம் (இங்கே ‘கூடாது’ என்றே படியுங்கள்). ஸ்வீடிஷில் ‘ரூலிக்’ என்றால் ஜாலியானது, அதே எழுத்து டேனிஷிலும் நார்வேஜியனிலும் அமைதியானது. ‘ஃப்ருகஸ்ட்’ நார்வேயில் காலை உணவு, டென்மார்க்கில் மதிய உணவு. ‘மோ’ நார்வேயில் கட்டாயம், டென்மார்க்கில் அனுமதி. எண்களைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள், தொண்ணூறுக்கு டேனிஷ் சொல் ‘ஹல்ஃபெம்ஸ்’, அதாவது நாலரை இருபது. அரையை முன்னால் போட்டு எண்ணும் அந்த ஹால்வ் த்ரே கணக்கேதான்.

மரியாதைச் சொல் தனிக் கதை. 1967இல் ப்ரூர் ரெக்ஸெட் என்பவர் ஸ்வீடனின் மருத்துவத் துறைத் தலைவராக வந்தபோது, ஊழியர்கள் எல்லோரையும் ‘டூ’ என்றே, அதாவது நம் ‘நீ’ போல, அழைக்கப்போவதாகச் சொன்னார். அந்தக் காலத்தில் நாடு முழுக்க நடந்த மாற்றத்துக்கு அவர் பெயரைத்தான் இன்றும் சொல்வார்கள். அதனால் இருபது வயது நர்ஸ் உங்களை டூ என்றால் அவமரியாதை இல்லை. பன்மைச் சொல் ஒன்றும் இருக்கிறது, அதன் உச்சரிப்பு அச்சு அசலாக ‘நீ’. அவர்கள் ‘நீ’ என்றால் நம் ‘நீங்கள்’.

இதை ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவுக்குக் காத்திருக்கும் அறையில் விளக்கிக்கொண்டிருந்தேன். “அப்ப நான் டொக்டரை நீ எண்டு சொன்னால்தான் மரியாதையோ?” என்று சிரித்தார். இப்போது ஒருவரைத் தனியாக அப்படி அழைத்தால் சிலருக்குப் பிடிக்காது, தள்ளி நிறுத்துவது போல இருக்கும் என்றேன். “எனக்கு ரெண்டும் வேண்டாம் பிள்ளை, தலையை ஆட்டிப்போட்டு வாறன்” என்றார்.

எந்தப் பக்கம் ஆட்டுவீர்கள் அம்மா என்று கேட்டேன்.