முகத்தை மறைத்துவிட்டுக் கைகளைப் பாருங்கள்

இதழ் அட்டை வடிவமைப்பில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். "ஒரு பெண் படத்தைப் போடுங்கள், விற்கும்" என்பதைக் கேட்காத மாதம் அரிது. தண்ணீர் மோட்டார் பற்றிய சிறப்பிதழுக்கும் கேட்டார்கள்; நானும் போட்டுக் கொடுத்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் ஒன்று சொல்வேன்: படத்தில் முகத்தை ஒரு தாளால் மறையுங்கள், அவள் கைகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள்.

பழைய அமெரிக்க இதழ்களைப் புரட்டிப் பெற்ற பழக்கம் இது. ஓவியர் சார்லஸ் டானா கிப்சன் 1890களில் உருவாக்கிய 'கிப்சன் பெண்' உயர்ந்த கொண்டையும் இறுக்கிய இடையுமாக இருப்பாள். 1903இல் கோலியர்ஸ் உள்பக்கத்தில் வந்த அவர் படத்தில், நான்கு பெண்கள் விரலளவு ஆண் ஒருவனைப் பூதக்கண்ணாடியில் ஆராய்கிறார்கள். ஒருத்தி தொப்பி ஊசியால் குத்துகிறாள். அமெரிக்க அரசியலமைப்பு பெண்களின் வாக்குரிமையை உறுதிசெய்ய அப்போது இன்னும் 17 ஆண்டுகள் இருந்தன.

என்னை அதிகம் உறுத்துவது ஓவியர் கோல்ஸ் பிலிப்ஸ் 1908இல் லைஃப் இதழின் அட்டையில் தொடங்கிவைத்த உத்தி. ஆடைக்கும் பின்னணிக்கும் ஒரே நிறம். நடுவே கோடே கிடையாது. முகம், கை, செருப்பு நுனி இவ்வளவுதான் தெரியும். மீதி உடலைப் பார்ப்பவரின் கண் வரைந்துகொள்ளும். நிறம் குறைந்தால் அச்சுச் செலவும் குறையும் என்பது அச்சகம் போய்வருகிற எவருக்கும் தெரியும். தொழில்காரனாகக் கும்பிடுகிறேன். ஆனால் அவள் பாதி சுவராகிவிட்டாள் என்பதையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதே ஓவியர் அதே உத்தியைக் காலுறை விளம்பரங்களுக்கும் கொண்டுபோனார்.

வரைந்தவர் பெண்ணாக இருந்தால் மாறிவிடுமா? நெய்சா மெக்மெய்ன் 1923 முதல் 1937 வரை மெக்கால்ஸ் இதழின் அட்டைகளை வரைந்தார். தன்னம்பிக்கை தெரியும் முகங்கள். ஆனால் பெரும்பாலும் முகம் மட்டும், கைகளுக்கு இடமில்லை. ஓர் உணவு நிறுவனம் விளம்பரத்துக்காகக் கற்பனை செய்த, உலகில் இருந்தேயிராத பெட்டி க்ராக்கர் என்ற பெண்ணுக்கு 1936இல் முகம் கொடுத்தவரும் அவரே.

1943 மே 29 சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் அட்டையில் ஓவியர் நார்மன் ராக்வெல்லின் ரோஸி, போர்க்காலத்தில் ஆலை வேலைக்குப் போன பெண்களின் அடையாள உருவம். கையில் சாண்ட்விச், மடியில் உலோகத் தகடுகளை இணைக்க ரிவெட் ஆணி அடிக்கும் கருவி, காலடியில் ஹிட்லரின் புத்தகம். மாடலாக உட்கார்ந்தவர் மெலிந்த 19 வயதுத் தொலைபேசி ஆபரேட்டர். மைக்கலாஞ்சலோ வரைந்த பைபிள் தீர்க்கதரிசி ஏசாயா உட்கார்ந்திருக்கும் விதத்தை எடுத்துக்கொண்டு, புஜங்களை ராக்வெல்தான் பருக்க வைத்தார். என் மேசைக்குத் திருத்தத்துக்கு வரும் படங்களில் எல்லாம் கையை மெலிதாக்கத்தான் சொல்கிறார்கள்.