அடிபம்பும் பெருந்தமனியும்

நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அப்பாவுக்கு 74 வயது. இரத்த அழுத்தம் 168/72. கீழ் அளவு நன்றாகத்தானே இருக்கிறது, மேல் அளவும் வயதோடு நூறைக் கூட்டினால் வரும் 174-க்குள்தானே இருக்கிறது என்று மாத்திரை சாப்பிட மறுக்கிறார். அவர் சொல்வது சரியா?"

சரியில்லை. நூறைக் கூட்டும் அந்தக் கணக்கை ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். ஆராய்ச்சி அதைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் வாய்வழியே கைமாறி, ராகு காலத்தைப் போல வீட்டுக்கு வீடு நிலைத்துவிட்டது. பக்கவாதம் வரை கொண்டுபோய் விடக்கூடிய நம்பிக்கை என்பதால் எனக்கு இதன்மீது கோபம் அதிகம்.

அந்த 72-ம் நல்ல செய்தி இல்லை. மேல் அளவு 140-க்கு ஏறியும் கீழ் அளவு 90-க்குள் நிற்பதே முதியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் உயர் இரத்த அழுத்தம். மேலே ஏறியதும் கீழே இறங்கியதும் ஒரே கோளாறினால்தான்.

சென்னையில் அடிபம்பு அடித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பிடியை அழுத்தும்போது தண்ணீர் குபுக்கென்று குடத்தில் விழும். பிடி மேலே போகும்போது நின்றுவிடும். இதயமும் விட்டுவிட்டு அடிக்கும் பம்புதான். ஆனால் விரல் நுனியின் நுண்குழாய்களில் இரத்தம் ஏறக்குறைய சீராக ஓடுகிறது. அந்தச் சீர் எங்கிருந்து வருகிறது?

குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, இரத்தம் 8 அடிக்கு மேல் எழுவதை அளந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1733-இல் இதற்கு விடை சொன்னார். அக்காலத் தீயணைப்பு பம்புகளில் காற்று நிறைந்த அறை ஒன்று இருக்கும். பம்பை அடிக்கும்போது தண்ணீர் அந்தக் காற்றை நெருக்கும். அடி ஓயும்போது நெருங்கிய காற்று தண்ணீரைத் தள்ளும். தாரை அறுபடாது. தமனிகள் செய்வதும் அதே வேலை என்றார் அவர்.

இதயம் ஒருமுறை சுருங்கினால் சுமார் 70 மில்லி இரத்தம் வெளியேறுகிறது. அதில் ஏறக்குறைய பாதி உடனே ஓடிவிடுவதில்லை. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக் குழாயான பெருந்தமனியை உப்பச் செய்து அங்கேயே தங்குகிறது. வால்வு மூடியதும் உப்பிய சுவர் சுருங்கி அதை முன்னே தள்ளுகிறது. இதயம் ஓய்வெடுக்கும் அந்த அரை நொடியில் தமனியே இன்னொரு இதயமாகிவிடுகிறது! உப்பிக்கொடுப்பதால் மேல் அளவு எகிறாமல் நிற்கிறது. சுருங்கித் தள்ளுவதால் கீழ் அளவு விழாமல் நிற்கிறது. மோட்டாரோ மின்சாரமோ இல்லாத இந்த ஏற்பாட்டை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

உப்பவும் சுருங்கவும் உதவுவது எலாஸ்டின் என்ற புரத இழை. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் நெய்ததுதான். பிறகு உடல் அதைப் புதிதாக நெய்வது மிக அரிது. 70 ஆண்டுகளில் 250 கோடி முறைக்கு மேல் இழுபட்ட இழைகள் இற்று அறுகின்றன. கொலாஜன் என்ற விறைப்பான இன்னொரு புரதம் அந்த இடத்தைப் பிடிக்கிறது. சுண்ணாம்புச் சத்தும் படிகிறது. இப்போது அதே 70 மில்லி வந்து மோதினால் சுவர் இடம் கொடுப்பதில்லை: 168. உப்பாத சுவர் திரும்பத் தள்ளுவதும் இல்லை: 72. இதயத் தசை தனக்கான இரத்தத்தைப் பெரும்பாலும் ஓய்வு நேரத்தில்தான் பெறுகிறது. ஆக, வேலை கூடுகிறது, கூலி குறைகிறது.

அறுந்த இழையை மாத்திரை நெய்து தராது. ஆனால் அழுத்தம் தணிந்தால் சுவரின் இழுவிசை குறையும். மிச்சமிருக்கும் எலாஸ்டினே சுமையைத் தாங்க முடியும். விறைப்பும் ஓரளவு தளரும். 1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 60 வயதைக் கடந்த 4,736 பேர் கலந்துகொண்டார்கள். குளோர்தாலிடோன் என்ற பழைய, மலிவான மாத்திரையில் தொடங்கிய சிகிச்சை பக்கவாதத்தை 36 சதவீதம் குறைத்தது. ஐந்தாண்டுகளில் நூற்றில் எட்டுப் பேருக்கு வந்திருக்கக்கூடியது ஐந்து பேருக்கு வந்தது. 80 வயதைத் தாண்டியவர்களுக்கும் சிகிச்சை ஆயுளை நீட்டுகிறது என்று 2008-இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. அந்த 1991 ஆய்வு அரசின் பணத்தில் நடந்தது. லாபம் தராத பழைய மருந்தைச் சோதிக்க வேறு யார் முன்வருவார்கள்? நம் ஊர் முதியவர்களுக்காகவும் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு அரசு தாராளமாகச் செலவிட வேண்டும்.

உங்கள் அப்பாவுக்கு ஊறுகாயும் அப்பளமும் குறையட்டும், நடை கூடட்டும். மாத்திரையை மருத்துவர் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்; கீழ் அளவு மிகவும் இறங்கிவிடாமலும் பார்த்துக்கொள்வார். வீட்டில் அளக்கும்போது ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்காரட்டும். பாதம் தரையிலும் கை மேசையிலும் இருக்கட்டும். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, மூன்று நிமிடத்துக்குள் மறுபடி அளந்து பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், தலைசுற்றிக் கீழே விழும் ஆபத்து உண்டு. அந்த எண்ணையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.