ஆயில் குச்சி உங்கள் என்ஜினுடையதுதானா?

போன வாரம் ஓர் அம்பாசிடரின் ஆயில் சேம்பரை, அதாவது என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியை, கழற்றினேன். பிஸ்டன் கம்பிகள் கிராங்க் தண்டைப் பற்றும் இடத்திலுள்ள நான்கு பிக் எண்ட் பேரிங்கில் இரண்டு, செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தன. கிராங்க்கின் மேல் நகத்தை ஓட்டினால் வரிவரியாகத் தட்டுப்பட்டது. இந்த வருடம் இதே காரணத்துக்காக நான் திறக்கும் மூன்றாவது என்ஜின் இது. மூன்று வண்டிக்காரர்களுமே அக்கறையானவர்கள். காலாகாலத்தில் ஆயில் மாற்றியவர்கள், வாரம் தவறாமல் ஆயில் மட்டம் காட்டும் குச்சியை (டிப்ஸ்டிக்) எடுத்துப் பார்த்தவர்கள். அதனால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

இந்த அம்பாசிடர் ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருடையது. 1489 சிசி பெட்ரோல் என்ஜின், அவருடைய அப்பா வாங்கிய வண்டி. குடும்பத்தோடு வால்பாறை போயிருக்கிறார். ஆழியாறு தாண்டி அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, ஒவ்வொரு திருப்பத்திலும் ஆயில் பிரஷர் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியிருக்கிறது. நேர் ரோட்டுக்கு வந்ததும் அணைந்துவிடும். வழியில் விசாரித்த இடத்தில் “சுவிட்ச் லூஸா இருக்குமுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது பொள்ளாச்சிக்கு முன்பே அடியில் டொக் டொக் சத்தம்.

பட்டறைக்கு வந்ததும் அவரே பானட்டைத் திறந்து, வெள்ளைக் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு குச்சியை எடுத்துக் காட்டினார். “பாருங்க தம்பி, மேல் கோடு வரைக்கும் இருக்குதுங்களே. வாராவாரம் பாக்கறனுங்க. இதுல நான் என்ன தப்புப் பண்ணினேன்?”

கோடு வரைக்கும் இருந்தது உண்மைதான். ஆயிலை அளவு கேனில் வடித்தேன். கிட்டத்தட்ட நான்கு லிட்டர் வந்திருக்க வேண்டும், இரண்டரை லிட்டர்கூட நிறையவில்லை. சேம்பரைக் கழற்றிப் பார்த்தால், அடித்தகட்டில் ஓரிடத்தில் மட்டும் ஒரு மிளகு அகலத்துக்குப் பளபளப்பு. குச்சியின் நுனியிலும் அதே பளபளப்பு, லேசாக வளைந்தும் இருந்தது. குச்சி சேம்பரின் தரையைத் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. இன்னொரு 1489 என்ஜினின் சரியான குச்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உட்காரும் இடத்திலிருந்து மேல் கோடு வரைக்குமான தூரம், அவருடையதில் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு அதிகம்.

எட்டு வருடம் முன்னால் வேறோர் இடத்தில் என்ஜின் வேலை நடந்திருக்கிறது. வேலையில் குச்சி தொலைந்துபோய், பழைய சாமான் குவியலில் கிடைத்த ஒன்றைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஓட்டைக்குள் போகிறது, மேலே உட்காருகிறது, போதும் என்று விட்டுவிட்டார்கள். எட்டு வருடமும் சமதளத்தில் ஓடியதால், இருந்த கொஞ்ச ஆயில், ஆயில் பம்ப்பின் உறிஞ்சும் வாயை எப்படியோ மூடிக்கொண்டிருந்தது. மலையில் ஏறித் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கியது, பம்ப் காற்றை உறிஞ்சியது. அவ்வளவுதான் நடந்தது.

நான் தினமும் கேட்டு அலுத்த பேச்சு ஒன்று உண்டு: “குச்சில கோடு வரைக்கும் இருக்கு, அப்புறம் என்ன?” இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள்.

உங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு கயிறு வைத்திருக்கிறீர்கள். கைப்பிடிச் சுவரில் ஒரு முடிச்சை வைத்துக் கயிற்றை விட்டால், எந்த இடம் வரை நனைந்தால் போதுமான தண்ணீர் என்று சாயத்தால் அடையாளம் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கயிற்றை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குப் போனால் என்ன ஆகும்? அங்கே சுவர் உயரம் வேறு, கிணற்றின் ஆழம் வேறு. சாயம் வரை நனைந்தது என்பதற்கு அங்கே ஒரு பொருளும் கிடையாது. டிப்ஸ்டிக்கும் அப்படித்தான். அது ஆயிலை அளப்பதில்லை. தான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து ஆயில் மட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை மட்டும் காட்டுகிறது. உட்காரும் இடம் மாறினாலும், குச்சியின் நீளம் மாறினாலும், சேம்பர் மாறினாலும் கோடு பொய் சொல்லும்.

அந்தப் பொய் இரண்டு விதம். உட்காரும் இடத்திலிருந்து கோடு வரை நீளம் அதிகமானால், குறைவான ஆயிலை நிறைவாகக் காட்டும். நம் வாத்தியார் வண்டி இந்த ரகம். நீளம் குறைந்தால், கோட்டைத் தொட வைக்க நீங்கள் அளவுக்கு மீறி ஊற்றிக்கொண்டே போவீர்கள்.

குச்சியே மாறாமலும் இது நடக்கும். சில குச்சிகளில், அது உட்காருவதற்கான வளையம் (காலர்) தனியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பற்று விட்டு காலர் மேலே நகர்ந்தால் குச்சி இன்னும் ஆழமாக இறங்கும். குழாய் வழியாக இறங்கும் வகை என்றால், வேலைக்குப் பிறகு குழாயை பிளாக்கில் முழுசாகத் தட்டி இறக்காமல் விட்டிருப்பார்கள். குழாய் ஒரு சென்டிமீட்டர் மேலே நின்றால் குச்சியும் ஒரு சென்டிமீட்டர் மேலே நிற்கும். உட்காரும் இடத்தில் ஃபெல்ட் வளையமோ ரப்பரோ இருந்தால், அது நைந்து போனாலும், தடிமனான வேறொன்றை யாராவது போட்டிருந்தாலும் கணக்கு மாறும்.

பழைய கார்களில் இந்தத் தொல்லை ஏன் அதிகம் என்றால், அவற்றில் எது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அம்பாசிடரையே எடுத்துக்கொள்ளுங்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 அடிப்படையில் தொடங்கி, 2014-இல் உத்தரபாராவில் உற்பத்தி நிற்கும் வரை அதே உருவம். ஆனால் பானட்டுக்குள் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல், பி.எம்.சி. டீசல், 1.8 ஐசூசூ பெட்ரோல், ஐசூசூ டீசல் என்று எத்தனை என்ஜின்கள்! போதாததற்கு, பெட்ரோல் வண்டிகளில் டீசல் என்ஜின் மாற்றிப் போட்ட காலம் ஒன்று இருந்தது. அப்புறம் அவற்றில் சிலவற்றைத் திரும்பப் பெட்ரோலுக்கு மாற்றினார்கள். இதற்கிடையில் குச்சி மட்டும் ஒழுங்காகத் தன் என்ஜினோடு சேர்ந்து வந்திருக்கும் என்று எப்படி நம்புவது? ஃபியட்டிலிருந்து வந்த பிரீமியர் பத்மினி, வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மோரிஸ் மைனர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இனி அதிகமாக ஊற்றுகிறவர்களிடம் வருகிறேன். “ஆயில்தானே, கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே?” இல்லை. மட்டம் ஏறினால் சுழலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும். நுரையை பம்ப் அழுத்த முடியாது, பேரிங்குக்குப் போவது பாதி காற்று. இன்னொன்றும் உண்டு. மூன்று மெயின் பேரிங் உள்ள பழைய பி சீரிஸ் என்ஜினில் (அம்பாசிடரின் 1489 பி.எம்.சி. பெட்ரோல் இந்த வகைதான்) கிராங்க்கின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. திருகுபுரி மாதிரி வெட்டிய பள்ளம்தான் ஆயிலை உள்ளே திருப்பிவிடும். அளவுக்கு மேல் ஆயில் வந்தால் அந்தப் பள்ளத்தால் சமாளிக்க முடியாது. ஆயில், கிளட்ச் இருக்கும் கூடான பெல் ஹவுஸிங்குக்குள் இறங்கும், கிளட்ச் பிளேட் நனையும், கிளட்ச் வழுக்கும். இப்படி ஒழுகும் வண்டிக்கு என்ஜினை இறக்கிச் செலவு செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முக்கால் லிட்டர் வடித்தாலே பாதி ஒழுக்கு நின்றிருக்கும். தொழில்காரர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்: என்ஜினை இறக்குவதற்கு முன் மட்டத்தைச் சரிபாருங்கள்.

ஊற்றாமலே மட்டம் ஏறினால் அதைவிட ஆபத்து. மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பின் உள்ளே இருக்கும் சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்தால் பெட்ரோல் நேரே சேம்பருக்குள் இறங்கும். குச்சியை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் வந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அதற்கும் இதே பதில்.

சரி, எப்படிப் பார்க்க வேண்டும்?

காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்ப்பது உத்தமம். ஓடிய வண்டி என்றால், அணைத்து ஒரு பத்து நிமிடமாவது விடுங்கள். தரை சமமாக இருக்க வேண்டும். வாசல் சாய்தளத்தில் முன்சக்கரம் ஏறி நிற்க, குச்சியைப் பார்த்து “குறையுது” என்று அரை லிட்டர் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், செய்யாதீர்கள். முதல் முறை எடுத்ததை நம்பாதீர்கள். துடைத்து, முழுசாக உட்காரும் வரை இறக்கி, மறுபடி எடுங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள், எந்தப் பக்கம் குறைவாகக் காட்டுகிறதோ அதுதான் கணக்கு. நுனி கீழே இருக்கட்டும். தலைகீழாகத் தூக்கினால் ஆயில் வழிந்து கோட்டைத் தாண்டிவிடும். புது ஆயில் தேன் நிறத்தில் கண்ணுக்கே தெரியாது, வெள்ளைக் காகிதத்தை அடியில் பிடியுங்கள்.

துடைக்க நூல் வேஸ்ட் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து பிரியும் இழை குச்சியோடு உள்ளே போகும், நாள்பட நாள்பட உறிஞ்சும் வாயின் சல்லடையில் போய்ச் சேரும். சுத்தமான பனியன் துணி போதும்.

இதெல்லாம் குச்சி சரியானதாக இருந்தால். சரியானதா என்று ஒரே ஒருமுறை சோதித்துவிடுங்கள். அடுத்த ஆயில் மாற்றும்போதே செய்யலாம், தனிச் செலவு இல்லை. ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும்.

என்ஜின் சூடாக இருக்கும்போது ஆயிலை முழுசாக வடியுங்கள், அவசரப்படாமல் சொட்டு நிற்கும் வரை. சேம்பரின் அடியைக் கையால் தடவிப் பாருங்கள். கல்லில் அடிபட்டு உள்ளே குழிந்திருந்தால் முதலில் அதை நிமிர்த்த வேண்டும், இல்லாவிட்டால் அளவு ஒத்துவராது. புது ஃபில்டர் மாட்டுங்கள். உங்கள் என்ஜினின் கையேட்டில் ஃபில்டரோடு சேர்த்துச் சொன்ன அளவில் ஒரு லிட்டரைக் குறைத்துக்கொண்டு, மீதியை அளவு குவளையால் ஊற்றுங்கள். கேனில் உள்ள கோட்டைக் கண்ணால் மதிப்பிட்டு ஊற்றாதீர்கள். இரண்டு நிமிடம் ஐடிலில் ஓடட்டும். பிரஷர் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள், ஆக்ஸிலேட்டரைத் தொட வேண்டாம். அணைத்துப் பத்து நிமிடம் கழித்துக் குச்சியைப் பாருங்கள். பெரும்பாலான பழைய கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடையே ஒரு லிட்டருக்குப் பக்கம்தான் இருக்கும், ஆகவே இப்போது ஆயில் கீழ்க்கோட்டின் அருகில் நிற்க வேண்டும். பிறகு அந்தக் கடைசி லிட்டரை ஊற்றிச் சிறிது நேரம் விட்டுப் பாருங்கள். மேல் கோட்டைத் தொட்டால் அது உங்கள் குச்சி.

தொடவில்லையா? கலங்க வேண்டாம், குச்சியைத் தூக்கி எறியவும் வேண்டாம். ஆயில் நிற்கும் இரண்டு இடங்களிலும் முக்கோண அரத்தால் மெல்லிசாக ஒரு கீறல் போடுங்கள். ஆழமாக அறுத்தால் குச்சி அந்த இடத்தில் ஒடியும், ஒடிந்த துண்டு போய் விழும் இடம் சேம்பர். பிசிறை எமரித் தாளால் எடுத்துவிடுங்கள். பழைய கோட்டின் மேல் குறுக்காக ஒரு கீறு கீறிவிடுங்கள், அடுத்தவர் குழம்பாமல் இருக்க. ஆனால் குச்சி தரையைத் தொடும் அளவுக்கு நீளம் என்றாலோ, கிராங்க்கில் உரசிய தடம் நுனியில் தெரிந்தாலோ கோடு போட்டுப் பயனில்லை, வேறு குச்சிதான்.

அளவு ஊற்றும்போது ஒரு எச்சரிக்கை. பழைய பிரிட்டிஷ் கையேடுகளில் பைண்ட் கணக்கு இருக்கும். பிரிட்டிஷ் பைண்ட் 568 மில்லி, அமெரிக்க பைண்ட் 473 மில்லி. 8 பைண்ட் என்று போட்டிருந்தால் முன்னதில் நாலரை லிட்டர், பின்னதில் நான்கு லிட்டர்கூட இல்லை. செல்போனில் தட்டிப் பார்க்கும்போது எந்த பைண்ட் என்று கவனியுங்கள். பழைய ஃபியட் கையேடுகளில் ஆயிலைக் கிலோவில் சொல்லியிருப்பார்கள். 3 கிலோ ஆயில் 3 லிட்டர் இல்லை, ஏறக்குறைய 3.4 லிட்டர். பத்மினி வைத்திருக்கும் அன்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டியைப் புதிதாக வாங்கியவர்களிடம் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். பெயின்டுக்கும் சீட்டுக்கும் செலவு செய்வதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். அதுவரை மலைக்கு ஏற்றாதீர்கள். திருப்பத்தில் சிவப்பு விளக்கு ஒரு நொடி மின்னினாலும் ஓரம் கட்டி நிறுத்துங்கள். சுவிட்ச் கெட்டிருக்கும் என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். வாத்தியாருக்கு கிராங்க்கை கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அண்டர் சைஸ் பேரிங் போட்டு, லேத் கூலியோடு ஆன செலவில் பல வருடத்துக்கு ஆயில் வாங்கியிருக்கலாம்.

தொழில் நண்பர்களே, என்ஜினைப் பிரிக்கும்போது குச்சியைப் பெட்டியில் போட்டு மற்ற சாமான்களோடு கலக்காதீர்கள். எடுத்தவுடன் என்ஜின் நம்பரை ஒரு அட்டையில் எழுதி, கம்பியால் குச்சியோடு கட்டி, அந்த வண்டியின் ஸ்டீயரிங்கிலேயே மாட்டிவிடுங்கள். தொலைந்துவிட்டால் வண்டிக்காரரிடம் தொலைந்தது என்று சொல்லுங்கள். அவர் முன்னிலையிலேயே அளந்து ஊற்றிக் கோடு போட்டுக் கொடுங்கள். வாத்தியார் வண்டிக்கு வேறு குச்சி போட்டு அப்படித்தான் கொடுத்தேன். கைக்குட்டையை விரித்துக் குச்சியை வாங்கி, புதுக் கீறலை இரண்டு மூன்று தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எங்க தம்பி வீட்ல ஒரு பத்மினி நிக்குதுங்க. அதையும் ஞாயித்துக்கிழமை ஓட்டிட்டு வந்துரட்டுங்களா?”

ஓட்டி வர வேண்டாம், நானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.