கார்பரேட்டரை இறக்கும் முன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

பாலக்கோட்டிலிருந்து பர்கூர் வரை, பால் கேன் கட்டிய பஜாஜ் சேத்தக்கும், தாத்தா காலத்து விஜய் சூப்பரும், எல்எம்எல் வெஸ்பாவும் என்று பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வழியில் நின்றுபோனால் எல்லார் வாயிலும் முதலில் வருவது “கார்பரேட்டர் அடைச்சிருக்கு” என்பதுதான். உடனே கார்பரேட்டர் இறங்கும், ஸ்க்ரூக்கள் திருகப்படும், புது ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகு) போடப்படும். இரண்டு நாளில் அதே கோளாறு திரும்ப வரும். பலவீனமான ஸ்பார்க்கும் பெட்ரோல் குறைவும் வெளியே ஒரே மாதிரியாகத்தான் தெரியும். கிக்கர் அடித்தால் ஒருமுறை பிடித்து நின்றுவிடும், மேட்டில் மிஸ்ஸிங் வரும், இழுவை இருக்காது. எனவே முதலில் ஸ்பார்க், அடுத்து பெட்ரோல், கடைசியில் காற்று என்ற வரிசையில் பாருங்கள். ஸ்பார்க் சரி என்று உறுதியாகும் வரை கார்பரேட்டரின் எந்த ஸ்க்ரூவையும் தொட வேண்டாம்.

பிளக்கும் ஸ்பார்க்கும்

ஓடி நின்ற வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் மூக்கைப் பாருங்கள். காபிப்பொடி நிறத்தில் இருந்தால் எரிதல் சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. கல்குவாரி லாரிகள் போகும் சாலையோர ஊர்களில் ஃபில்டர் சீக்கிரமே தூசியால் மூடிக்கொள்ளும். அங்கே அதைக் கழுவுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஈரமும் எண்ணெயுமாகக் கருத்திருந்தால் ஸ்பார்க் பலவீனம் அல்லது டூ-டி ஆயில் (பெட்ரோலில் கலக்கும் எஞ்சின் எண்ணெய்) அதிகம். வெள்ளையாக, வறண்டு இருந்தால் உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள். பெட்ரோல் குறைந்து காற்று கூடியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும்.

ஸ்பார்க் பார்ப்பதற்கு முன் பெட்ரோல் டேப்பை மூடி, பிளக் ஓட்டையைத் துணியால் அடையுங்கள். கேப் மாட்டிய பிளக்கை, கேபிள் எட்டும் தூரத்துக்குத் தள்ளி, எஞ்சின் ஹெட்டின் ஃபின்னில் (சூடு தணிக்கும் தகட்டில்) அழுத்தி வைத்துக் கிக்கர் அடியுங்கள். ஓட்டைக்கு அருகிலேயே பிளக்கை வைத்து உதைத்தால் உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். ஸ்பார்க்கை மின்னணு யூனிட் தரும் சிடிஐ வண்டியில் பிளக் கேப்பை வெறுமனே தொங்கவிட்டு உதைக்கவே கூடாது. மின்சாரம் போக வழியில்லாமல் யூனிட் கெட்டுவிடும்.

நீலமாக, சடசடவென்று சத்தத்தோடு வந்தால் ஸ்பார்க் நன்றாக இருக்கிறது. மஞ்சளாக, நூல் போல வந்தால் முதலில் புது பிளக் ஒன்றை மாட்டிப் பாருங்கள். பழைய பஜாஜ், எல்எம்எல் ஹெட்டுக்கு 12.7 மி.மீ. நீளமுள்ள குட்டை மரை பிளக்தான் வேண்டும். 19 மி.மீ. நீள மரை பிளக்கைப் போட்டால் பிஸ்டன் மேலே வரும்போது அதில் மோதும். இடைவெளி 0.6 மி.மீ. போதும். பிளக் மாற்றியும் மாறவில்லையா? கேபிளின் நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுக் கேப்பை மறுபடி திருகுங்கள். கேபிளின் உள்ளே செம்பு கருத்துப்போவது அடிக்கடி நடக்கும். பைசா செலவில்லாத வேலை, ஆனால் பலர் செய்வதில்லை.

ஸ்பார்க் அறவே இல்லையென்றால், கிராங்கோடு சுற்றும் காந்தச் சக்கரமான மேக்னட்டைக் கழற்றும் முன் வண்டியை அணைக்கும் சுவிட்சுக்குப் போகும் ஒயரைப் பிரித்துவிட்டு ஒருமுறை உதையுங்கள். ஸ்பார்க் வந்துவிட்டால் சுவிட்சிலோ, ஹேண்டில் திரும்பும் இடத்தில் உரசிய ஒயரிலோதான் கோளாறு. பிளக்கை மாட்டி அப்படிச் சோதிக்கும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆனால் சுவிட்சில் நிற்காது. சோக்கைப் போட்டு நிறுத்த வேண்டும்.

பாயிண்ட், கண்டன்சர், மேக்னட்

ஸ்பார்க் வரவேண்டிய கணத்தில் திறக்கும் தொடுமுனையான பாயிண்ட் வைத்த வண்டிகளில் பாதிப் பிரச்சினை இங்கேதான். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.4 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இல்லாமல் கண்ணளவில் வைப்பதால்தான் டியூனிங் தவறுகிறது, ஏனென்றால் பாயிண்ட் இடைவெளி மாறினாலே டைமிங்கும் (ஸ்பார்க் வரும் நேரமும்) மாறும். பாயிண்டை நைசான அரத்தால் தேய்த்தபின், பெட்ரோலில் நனைத்த காகிதத்தை இடையில் விட்டு இழுத்துத் துடைக்க வேண்டும். உப்புத்தாளின் ஒரு துகள் தங்கினாலும் ஸ்பார்க் விட்டுவிட்டு வரும். கேமைத் தொடும் ஃபெல்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் போதும். அதிகமானால் அது பாயிண்டுக்குத் தெறிக்கும், எண்ணெயே விடாவிட்டால் பாயிண்டின் குதிகால் தேய்ந்து இடைவெளி தானாகக் குறையும்.

பாயிண்டில் பொறி பறக்காமல் தடுக்கும் கண்டன்சர் கெட்டிருந்தால் பாயிண்ட் திறக்கும் இடத்திலேயே பெரிதாகத் தீப்பொறி தெரியும், பாயிண்டின் ஒரு முகத்தில் பள்ளமும் மறுமுகத்தில் மேடும் விழும். புது பாயிண்ட் போட்டால் சில வாரம் ஓடும், பிறகு அதுவும் எரியும். பாயிண்டையும் கண்டன்சரையும் சேர்த்து மாற்றுவதே நல்லது.

மேக்னட்டைக் கழற்ற அதற்குரிய புல்லர்தான் வேண்டும். சுத்தியலால் தட்டினால் காந்தம் பலவீனமாகும், கிராங்க் வளையவும் கூடும். கழற்றியதும், மேக்னட்டை இடம் மாறாமல் பிடிக்கும், கிராங்கில் உள்ள உட்ரஃப் கீயைப் பாருங்கள். மேக்னட் நட் தளர்ந்து ஓடியிருந்தால் அந்தக் கீ பாதி அறுந்திருக்கும். ஸ்பார்க் நன்றாகத் தெரியும், பெட்ரோலும் வரும், ஆனால் கிக்கர் திருப்பி உதைக்கும், அல்லது சைலன்சரில் வெடிக்கும். டைமிங் விலகியதன் அடையாளம் அது. மேக்னட்டுக்குள் காயில்கள் பொருத்திய ஸ்டேட்டர் தட்டின் கோடும் கேஸின் கோடும் சேரும்படி வையுங்கள். மேக்னட் சுற்றும் திசையிலேயே தட்டைத் திருப்பினால் ஸ்பார்க் தாமதமாகும், எதிர்த்திசையில் திருப்பினால் முந்தும். அதிகம் முந்த வைத்தால் இழுவை கூடியது போலத் தெரியும், ஆனால் ஏற்றத்தில் எஞ்சின் சூடேறி பிஸ்டன் மேல்தட்டு ஓட்டையாகும்.

எல்எம்எல் வெஸ்பா பிஎக்ஸ் வகையில் பாயிண்ட் கிடையாது. ஸ்டேட்டர் ஒயர்களின் சாக்கெட்டைப் பிரித்து மீட்டரில் பாருங்கள்: பச்சைக்கும் வெள்ளைக்கும் இடையே ஏறத்தாழ 500 ஓம், சிவப்புக்கும் வெள்ளைக்கும் இடையே ஏறத்தாழ 110 ஓம். அளவு சரியாக இருந்தும் ஸ்பார்க் இல்லையென்றால் பிறகுதான் சிடிஐயைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்டேட்டரிலிருந்து வரும் ஒயர்களின் மேலுறை வருடக்கணக்கில் எண்ணெயிலும் சூட்டிலும் இருந்து பொடிப்பொடியாக உதிரும். கையால் மடக்கினாலே தெரிந்துவிடும்.

சித்திரை வெயிலில் சூடானதும் நின்று, இருபது நிமிடம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகும் வண்டிகளைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. நின்ற அந்த நிமிடமே, சாலையோரத்திலேயே ஸ்பார்க் பாருங்கள். ஆறியபின் பார்த்தால் எல்லாமே சரியாக இருக்கும். அப்போது ஸ்பார்க் இல்லையென்றால் காயில், கண்டன்சர் அல்லது சிடிஐ. ஸ்பார்க் இருந்தால் பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள். “புஸ்” என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அதற்காகக் காயில் மாற்றியவர்கள் பலர்.

பெட்ரோல்

டேப்பிலிருந்து வரும் டியூபைக் கழற்றி, சிறு டப்பாவில் பிடித்துப் பாருங்கள். தடையின்றி ஒரே தாரையாக வர வேண்டும். விட்டுவிட்டு வந்தால் டேங்குக்குள் இருக்கும் டேப் ஃபில்டரில் துரு சேர்ந்திருக்கிறது. கார்பரேட்டரின் நுழைவாயிலிலும் ஒரு சிறு வலை உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஓவர்ஃப்ளோ ஆனால், பெட்ரோல் வரத்தை மூடும் நீடிலின் முனையில் வளையம் போல் தேய்ந்த கோடு இருக்கிறதா, ஃப்ளோட்டை (மிதவையை) காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் அலைகிறதா என்று பாருங்கள்.

ஜெட்டைச் செம்புக் கம்பியாலோ ஊசியாலோ குத்துவது மிகத் தவறான பழக்கம். டெல்லோர்ட்டோ வகை கார்பரேட்டரின் ஜெட்டில் 100 என்று இருந்தால் துளை சரியாக 1.00 மி.மீ. அது 1.05 ஆகப் பெருத்தால் துளையின் பரப்பு 10 சதவீதம் கூடிவிடும். பிறகு எவ்வளவு திருகினாலும் மைலேஜ் திரும்பாது. பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். பிடிவாதமான அடைப்புக்கு நைலான் நரம்பு.

கலவை ஸ்க்ரூவை மெதுவாக முழுதும் உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். எஞ்சின் சூடானபின் அங்கிருந்து கால் கால் சுற்றாக நகர்த்திச் சீராக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். இந்த ஸ்க்ரூ ஐட்லிங்கை மட்டுமே கட்டுப்படுத்தும், ஏற்றத்தில் இழுவை இல்லாததற்கு இதைத் திருகிப் பயனில்லை.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த அது இன்று பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கிறது. எத்தனால் எரியக் காற்று குறைவாகவே வேண்டும், அதனால் பழைய ஜெட்டில் கலவையில் காற்று சற்றே கூடிவிடும். கார்பரேட்டருக்கு அதைத் தானாகத் திருத்திக்கொள்ளத் தெரியாது. பிளக் வெளுத்து வந்தால், காற்றுக் கசிவு இல்லை என்று உறுதி செய்தபின் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டுங்கள். பழைய ரப்பர் டியூபும் நீடில் முனையும் எத்தனாலில் ஊதிப்போகும், எத்தனால் தாங்கும் டியூபாகக் கேட்டு வாங்குங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் நீண்ட நாள் நின்ற வண்டியில் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். டேப் முதலில் கொடுப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

காற்று

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று பிடிக்கிறது. கார்பரேட்டரின் அடி கேஸ்கட்டையும் அதைப் பிடிக்கும் இரண்டு நீள போல்ட்டுகளையும் பாருங்கள். தளர்ந்திருந்தாலும் கோளாறு. அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் கார்பரேட்டரின் அடிப்பாகமே வளைந்திருக்கும், கண்ணாடித் தகட்டின் மேல் வைத்தால் ஆடும். அதுவும் சரியென்றால் கிராங்க் சீல்கள். வெஸ்பா வகையில் மேக்னட் பக்கச் சீல் போனால் காற்று பிடித்துப் பிளக் வெளுக்கும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயில் எரிந்து புகை கட்டும், ஆயில் அளவும் குறைந்துகொண்டே வரும். இந்தப் புகையைப் பார்த்து “போர் போயிடுச்சு” என்று சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்வது வீண்செலவு.

தொப்பூர் கணவாயிலும், அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் இறங்கும்போதும் ஒன்றை மறக்க வேண்டாம். இந்த எஞ்சின்களுக்கு ஆயில் பெட்ரோலோடுதான் போகிறது. கியரில் வைத்து, ஆக்சிலேட்டரை முழுதும் மூடி நீண்ட இறக்கம் இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆயில் மட்டும் போகாது. இடையிடையே கிளட்சைப் பிடித்து ஒருமுறை ஆக்சிலேட்டர் கொடுங்கள். பஜாஜ், வெஸ்பாவுக்கு லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில், விஜய் சூப்பர் போன்ற லாம்பிரெட்டா வகைக்கு 40 மில்லி.

ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை நிறுத்தி வைப்பதானால், டேப்பை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். கார்பரேட்டரில் பெட்ரோல் தங்காது, ஜெட்டில் பிசின் கட்டாது. திரும்ப எடுக்கும்போது டேங்கின் அடியில் இருப்பதில் கால் லிட்டரை வெளியே பிடித்துப் பார்த்துவிட்டு, பிறகு டியூபை மாட்டுங்கள்.